பின்கதவில் ஒரு நசுங்கல்

"உள்மூடியைக் கழட்டாம, ரிவர்ஸ் கேமரா ஒயரை வெளியவே ஓட்டிட முடியாதா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான் கணவன்.

"மழைத்தண்ணி இறங்கிடும் சார். கதவுக்குள்ள விட்டு, இந்த ரப்பர் குழாய் வழியாத்தான் கொண்டுபோகணும்," என்ற மெக்கானிக், காரின் பின்கதவைப் பிரித்தார்.

"அவர் இஷ்டப்படி செய்யட்டுங்க. ஓட்டப் பழகின ரெண்டாவது நாளே இடிச்சு வச்சேன். எங்க இடிச்சேன்னுகூடத் தெரியல. கேமரா இருந்தாலாவது தைரியம் வரும்," என்றாள் மனைவி.

கதவின் கீழோரத்து நசுங்கலை அவன் காட்டிய நாளிலிருந்து, ஒரு மாதமாக அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

வேலை முடிந்து கதவைச் சாத்திய மெக்கானிக், "அம்மா, ஏறி உக்காந்து ரிவர்ஸ் கியர் போடுங்க. பிரேக்குல கால் இருக்கட்டும்," என்றார். பிறகு நசுங்கலைத் தடவியபடி அவனிடம் திரும்பினார்.

"உள்ள ஒரே துரு சார். இது போன மாசத்து அடி இல்ல. ஒரு வருஷமாவது இருக்கும்."

அவன் பதறிப்போய் வாயில் விரலை வைத்து, கண்ணாலேயே கெஞ்சினான்.

கண்ணாடி இறக்கியிருந்த முன்சீட்டிலிருந்து மனைவியின் குரல் நிதானமாக வந்தது.

"கேமரா தெளிவா இருக்குங்க. நீங்க வாயில விரல் வைக்கிறது வரைக்கும் தெரியுது."