இரண்டு விரற்கடை

கத்தானியா நகரத்து ஷெட்டுக்குள் வரும் காலை வெயில் சிவப்புப் பந்தயக் காரின் மேல் கிடக்கிறது. அதற்குள் இருக்கை வார்களை இறுக்கிக் கட்டி, புகைக்குள் தேடுவதுபோல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள் அகாத்தா. அவளுடைய தாய்மாமன் நுன்சியோ தீயணைப்பானை இருக்கைக்கு முன்னால் பிடிக்கிறார். “சின்னதா வாங்கியிருக்கலாம் மாமா. இது உங்க தொப்பை கனம் இருக்கும்போல.” “வாயாடாம கையை நீட்டுடி.” இரண்டு விரற்கடை எட்டவில்லை. நகர்த்துகிறார். இப்போது கைப்பிடி அவள் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அந்த இடத்திலேயே தரையில் துளை போட்டு நட்டை முடுக்குகிறார். போன வருடம் பந்தயத்தில் தீயில் கருகி இறந்த அவள் அண்ணன் சாரோவின் காரில், தரைவிரிப்பில் துளை விழக் கூடாதென்று தீயணைப்பானை இருக்கைக்குப் பின்னால் மாட்டியவரும் அவர்தான். அகாத்தா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. “அண்ணனுக்கும் இப்படிக் கைக்கு எட்டுற மாதிரிதானே மாமா மாட்டியிருந்தீங்க?” ஏற்கெனவே இறுகிவிட்ட நட்டை நுன்சியோ மறுபடியும் முடுக்குகிறார்.