மூன்றாவது ஊசி

"எங்க பிள்ளைய மட்டும் எதுக்கு சிஸ்டர் மறுபடி மறுபடி குத்துறீங்க?"

நர்ஸ் நிமிரவில்லை. குழந்தையின் மணிக்கட்டில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "ஒரு நிமிஷம் சார்" என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறைமாதத்தில் பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. சுண்டுவிரல் தண்டி இருக்கும் அந்தக் கையில் இது மூன்றாவது ஊசி.

பக்கத்துத் தொட்டிலில் இருப்பதும் குறைமாதம்தான். ஆனால் ரோஜாப்பூ நிறம். அதற்கு ஒரே ஒரு ஊசி.

இரண்டு குழந்தைகளின் பாதத்திலும் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் ஒரே மாதிரி பட்டை. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டும் மெஷினில், இரண்டுக்கும் தொண்ணூற்று நான்கு. மீட்டர் பார்த்தே பிழைக்கிறவன் அவன். அவனிடமேவா?

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வரும்வரை அவர் அறை வாசலிலேயே நின்றான். வந்ததும் கொட்டித் தீர்த்தான். நர்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார் டாக்டர்.

அவளைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தான். "ரெண்டு மெஷின்லயும் ஒரே நம்பர். அப்புறம் என் பையனுக்கு மட்டும் ஏன்? கறுப்பா இருக்கான்னுதானே?"

"ஆமா சார்" என்றாள் நர்ஸ். "கறுப்பா இருக்கான்னுதான்."

சண்டைக்கு வந்தவன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பட்டை தோல் வழியா வெளிச்சம் விட்டுத்தான் கணக்குப் பண்ணுது சார். கறுத்த தோலா இருந்தா, சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிடும். நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க பையன் மூச்சு விடறதுதான் எனக்கு சரியாப் படலை. அதான் மறுபடி குத்தி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன்."

லேப் சீட்டை டாக்டரிடம் நீட்டினாள். "ரத்தத்துல எண்பத்தாறுதான் டாக்டர். ஆக்சிஜனைக் கூட்டிட்டுத்தான் வர்றேன்."

"அப்போ மெஷின் ரிப்பேரா?" மெக்கானிக்கின் குரல் இறங்கியிருந்தது.

"ரிப்பேர் இல்லப்பா" என்றார் டாக்டர். "பெரும்பாலும் வெளுத்த தோல்காரங்களை வெச்சே சோதிச்சுச் செஞ்சது. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இந்தப் பொண்ணு மட்டும் அதை நம்பிச் சும்மா இருந்திருந்தா..."

 

அவன் வார்டுக்கு ஓடினான். சிரமப்பட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் குட்டி நெஞ்சு, இப்போது சீராக அசைந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், மூணு நாளா மழுப்பறே. பிள்ளை என்ன கலர்டா?"

'வார்டுல வெளிச்சம் பத்தலைக்கா' என்றுதான் இத்தனை நாளும் அவன் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"கறுப்புக்கா" என்றான். "நல்ல கறுப்பு."