பஞ்சு அடைத்த டப்பா

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் ஜீப்பில் செவ்வந்தி மகளை மடியில் கிடத்தியிருக்கிறாள். போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போய் வந்து செத்த புருஷனிடமிருந்து அவளுக்கு எச்.ஐ.வி. வந்தது, விடாமல் மாத்திரை தின்றதால் பிள்ளைக்கு வரவில்லை. அந்த மாத்திரை டப்பா இப்போது பைக்குள் இருக்கிறது. வளைவுகளில் சத்தம் கேட்காதபடி உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறாள். சாய்ந்த வெயிலில் மர நிழல்கள் முகங்களின் மேல் ஓடுகின்றன.

“ஆஸ்பத்திரிக்கா போய்ட்டு வர்றே?” பக்கத்து ஊர் சசிகலா கேட்கிறாள்.

“இல்லக்கா, புளி விக்கப் போனேன். நீங்க?”

“நானும் சந்தைக்குத்தான்.”

ஜீப் வளைகிறது. சசிகலாவின் பைக்குள் ஒரு டப்பா கடகடக்கிறது. அந்தச் சத்தம் அமுங்க அவள் பையை இறுக்கிக்கொண்டு இருமுகிறாள். பஞ்சு வைப்பதற்கு முன் செவ்வந்தியின் டப்பாவும் இப்படித்தான் கடகடத்தது. பஞ்சு அடைக்கச் சொல்லிவிடலாம் என்று செவ்வந்திக்கு வாய் வரை வருகிறது. மகளின் தலையைக் கோதியபடி வெளியே பார்க்கிறாள். அடுத்த வளைவு வருமுன்பே சசிகலா இருமத் தொடங்குகிறாள்.