கமிட் ஆனதும் வரும் குரல்

ராஜபாளையத்து மாலை வெயில் மாடி அறையின் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாக வரைகிறது. தெருமுனையில் மில் பஸ்ஸின் ஹாரன் ஒலித்துத் தேய்கிறது. ஷெரின் தன் கணினி நிரலில் ஒரு வெற்று வரியை மட்டும் நீக்கிவிட்டு, அந்த மாற்றத்தைப் பதிவாக்கிக் கமிட் செய்கிறாள். ஒவ்வொரு கமிட்டுக்குப் பிறகும் சோதனைகளைத் தானாக ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியென்றால் எட்வினின் குரலை ஒலிக்கவிடும்படி கணினிக்கு அவளே எழுதிவைத்திருக்கிறாள். விடுப்பு முடிந்து எல்லைக்குக் கிளம்பிய காலையில் அவள் கணவன் பேசிப் பதிந்த குரல் அது. அங்கே பனி விழத் தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து போனே இல்லை. மேசைமேல் பைபிளுக்குள் அவன் படம் அடையாளமாகச் செருகியிருக்கிறது. திரையில் சோதனைகள் ஓடுவதைக் காட்டும் பச்சைக் கோடு ஓரம்வரை ஊர்ந்து நிற்கிறது. "ஏட்டி, முடிஞ்சிட்டுல்லா? எந்திரிச்சுத் தண்ணி குடி," என்கிறது ஸ்பீக்கர். தண்ணீர்ச் சொம்பு தொடாமல் அப்படியே இருக்கிறது. அவள் இன்னொரு வெற்று வரியைத் தேடுகிறாள்.

கீழ்வீட்டுச் செல்லத்தாய் இரண்டு டம்ளர் காபியோடு மூச்சுவாங்கப் படியேறி வந்து நிற்கிறாள். "எட்வின் தம்பி எப்ப வந்தாக? நேத்துலேருந்து பொண்டாட்டிய தண்ணி குடி, தண்ணி குடின்னு ஒரே அதட்டலா கேக்குதே!"

"அவிய வரலக்கா. பதிஞ்சு வச்ச குரலு." ஷெரின் ஸ்பீக்கரைக் காட்டுகிறாள்.

வாசலில் ஷெரினின் செருப்புச் சோடி மட்டும் கிடப்பதைச் செல்லத்தாய் பார்க்கிறாள். டம்ளர்களோடு திரும்பிப் போகாமல், ஒன்றை ஷெரின் கையில் கொடுத்துவிட்டு, மற்றதோடு தரையில் உட்காருகிறாள். "இன்னொருக்க பேசச் சொல்லு தாயி. நானும் கேக்கேன்."

ஷெரின் இன்னொரு வெற்று வரியை நீக்க, பச்சைக் கோடு மறுபடி ஊர்கிறது. குரல் வருமுன்பே செல்லத்தாய் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவள் பக்கம் நீட்டுகிறாள்.