ஏழரை மணி முகம்

ஹார்ட்விக்கின் நெற்றியில் வேர்வை அரும்பியது. அவள் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

மறுபடியும் அரும்பியது.

பத்தொன்பது வருடமாக டிவி நிலையத்து மேக்கப் அறையில் இந்த முகத்துக்குப் பவுடர் போடுகிறாள். இதற்கு வேர்க்கும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கிழக்கு ஜெர்மனி முழுவதும் தெரிந்த முகம். அரசாங்கத் தொலைக்காட்சியின் ஏழரை மணிச் செய்தி முப்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வாசித்தவன் இவன். இடையில் கறுப்பு வெள்ளை போய்க் கலர் வந்தது. இவனுடைய கோட்டு மாறியது. முடி கொட்டியது.

செய்தி மட்டும் மாறவில்லை. அறுவடை அமோகம். ஆலைகள் இலக்கைத் தாண்டின. கடையில் வெங்காயம் இல்லை என்பது ஒருநாளும் செய்தியாகவில்லை.

தலைவரின் பெயர் வந்தால் பட்டங்களும் கூடவே வரவேண்டும். கட்சியின் பொதுச்செயலாளர், அரசுக் கவுன்சில் தலைவர், இன்னும் என்னென்னவோ. ஒரே செய்தியில் பத்து முறை பெயர் வந்தால் பத்து முறையும் முழுதாக. ஹார்ட்விக் மூச்சு வாங்காமல் சொல்வான். அதற்காக ஒரு பதக்கம்கூடக் கொடுத்தார்கள். வெட்கம்கெட்டவன், அதைக் கோட்டில் குத்திக்கொண்டு கேன்டீனுக்கு வருவான்.

தெருவில் பார்த்தால் ஜனங்கள் வணக்கம் சொல்வார்கள். அவன் தாண்டிப் போனதும் முகத்தைக் கோணிக் காட்டுவார்கள். வீட்டுக்குப் போய் எட்டு மணி வரை காத்திருந்து, மேற்கு ஜெர்மனிச் செய்தியைப் பார்ப்பார்கள்.

இவனும் அதைத்தான் பார்த்தான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு.

இன்று வாசிக்கவேண்டிய காகிதம் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் கட்சி அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் ஒரு கமாவைக்கூடத் தொடக்கூடாது. மேக்கப் நாற்காலியில் சாய்ந்தபடி ஒருமுறை படித்துப் பார்த்தான். அவன் மடியில் கிடந்ததை அவளும் படித்தாள்.

ஹங்கேரி வழியாக மேற்கே ஓடிப்போனவர்களைப் பற்றியது. கடைசி வரி இப்படி இருந்தது:

‘போனவர்கள் போகட்டும். அவர்கள் இருந்த இடம் காலியாகக்கூடத் தெரியாது.’

டோர்ஸ்டன் போய் ஐந்து வாரம் ஆகிறது. அவள் மகன். இருபத்திரண்டு வயது. ஹங்கேரியில் ஒரு ஏரிக்கரையில் கூடாரம் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லையைத் தாண்டினானா, உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. அவன் கட்டில் விரிப்பை அவள் இன்னும் மாற்றவில்லை.

ஹார்ட்விக்குக்கு இது தெரியும். இந்தக் கட்டிடத்தில் யாருக்குத்தான் தெரியாது.

படித்து முடித்ததும் கண்ணாடியில் அவளை ஒரு கணம் பார்த்தான். அப்போதுதான் வேர்க்கத் தொடங்கியது. நெற்றி, மேலுதடு, காதோரம்.

சொல்லேன், என்று நினைத்தாள். வாசிக்கமாட்டேன் என்று சொல்லேன். தொண்டை கட்டிவிட்டது என்றாவது சொல்லித் தொலையேன்.

“கொஞ்சம் நல்லாத் துடைச்சு விடுங்க,” என்றான் ஹார்ட்விக். “மினுங்குது.”

அவ்வளவுதான்.

த்தூ.

துடைக்காமல் விட்டுவிடலாம். விளக்குச் சூட்டில் அது வழிந்து காலர் வரைக்கும் இறங்கும். நாடே பார்க்கும். முப்பது வருடத்தில் அந்தச் செய்தியில் வந்த ஒரே உண்மை அதுவாக இருக்கும்.

அவளை யாரும் தூக்கில் போடப்போவதில்லை. வேலை போகலாம். வீடு போகலாம். மகனைப் பற்றி இன்னும் இரண்டு பேர் வந்து விசாரிக்கலாம்.

அவள் துடைத்தாள்.

மூன்று தடவை துடைத்தாள். பவுடரை அழுத்தி அப்பினாள். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. போகலாம் என்று தலையசைத்தாள்.

ஏழரைக்கு ஹார்ட்விக் வாசித்தான். பட்டங்கள் வரிசை தப்பாமல் வந்தன. கடைசி வரியும் வந்தது. பிறகு வானிலை.

அடுத்த மாதம் இரண்டு ஜெர்மனிக்கும் நடுவிலிருந்த எல்லை திறந்தது.

அதையும் அவன்தான் வாசித்தான். இந்த நாளுக்காகவே இத்தனை காலம் காத்திருந்தவன்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் அவள்தான் பவுடர் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டோர்ஸ்டன் வந்தான். இளைத்திருந்தான். யாரோ கொடுத்த ஜாக்கெட், தோளில் நிற்கவில்லை. அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. வாசலிலேயே நின்று அழுதாள்.

சாப்பிடும்போது அவன் முகாமைப் பற்றிச் சொன்னான். மேற்கே போனதும் அவர்களைத் தங்கவைத்த ஹாலில் நூறு கட்டில்கள், ஒரு டிவி. ஒருநாள் எட்டு மணிச் செய்தியில், ஓடிவந்தவர்களைப் பற்றிக் கிழக்கே என்ன சொல்கிறார்கள் பாருங்கள் என்று ஹார்ட்விக் வாசித்த துண்டைப் போட்டுக் காட்டினார்களாம்.

“எல்லாரும் அவன் மூஞ்சியத்தாம்மா பார்த்துக்கிட்டிருந்தோம். அப்படிச் சொல்றதுக்குக் கொஞ்சமாச்சும் கூசுதான்னு. ஒரு பொட்டு வேர்வை இல்ல. பக்கத்துக் கட்டில் பொம்பள அதைப் பார்த்துட்டுத்தான் அழ ஆரம்பிச்சா.”

அவள் அவன் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தாள்.

“அவன் எப்பவுமே அப்படித்தான்,” என்றாள், முகம் மாறாமல்.