சத்தம் மட்டும் நம்பர் ஒன்

டுமீல்... டுமீல்... டப டப டப டப!

அம்மா போனை எடுத்ததும் பிரதாப்பின் காதில் விழுந்தது 'ஹலோ' அல்ல, துப்பாக்கிச் சூடு.

பழவேற்காட்டுப் பக்கத்தில் போர் மூண்டதாகச் செய்தி எதுவும் வரவில்லை. ஷார்ஜாவில் ஒரு குடோன் மூலையில், அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் வாங்கி அனுப்பிய கேம்தான் அது.

போன மாதம் ஊருக்குப் போன கூட்டாளியிடம், பிளஸ் டூ படிக்கும் தம்பி ஹரிஷுக்காகக் கொடுத்தனுப்பிய, கையடக்கத் திரையில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆள் யாரும் தொடாமலேயே அது பட்டையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அந்த அழகில் மயங்கித்தான் வாங்கினான். "நிஜ யுத்தம் மாதிரியே சவுண்டு பாஸ்" என்று கடைக்காரன் நிறைகளை அடுக்கினான். படிப்பு நாசமாகும் என்கிற குறையைச் சொல்ல மட்டும் பாவம், மறந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் ஆட வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்றைக்கு செவ்வாய்க்கிழமை. பொதுத் தேர்வுக்காகப் பள்ளிக்கூடத்தில் படிக்க லீவு விட்டிருக்கிறார்கள்.

ஹரிஷ் ஏற்கெனவே அரையாண்டுத் தேர்வில் இயற்பியலைக் கோட்டை விட்ட வீரன். வீட்டில் இருந்தால், அம்மா காயப்போட்ட கருவாட்டுக்குக் கழியோடு காவல். அது முடிந்தால் தூக்கம். நடுவில் பொழுது மிச்சம் இருந்தால் படிப்பு. வீட்டில் ஒருத்தனாவது காலேஜ் வாசலை மிதிக்கட்டும் என்றுதான் பிரதாப் இங்கே பெட்டி தூக்குகிறான்.

'கேம் எப்டிடா? இன்னா நல்லா கீது, இன்னா நல்லா இல்ல?' என்று முந்தாநாள் தம்பிக்கு வாய்ஸ் டைப்பிங்கில் அனுப்பியிருந்தான். பதில் இல்லை. போர்முனையில் இருப்பவனுக்குப் பதில் போட நேரம் ஏது?

"அம்மா, இன்னா சத்தம் அது?"

"உன் கேமுதான் நைனா! காலைல ஆன் பண்ணா பொழுது சாயற வரைக்கும் ஓயறதே இல்ல," என்றாள் அம்மா செவ்வந்தி, பிள்ளை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்துவிட்ட பெருமையோடு.

"நாள் பூராவா? பரீச்சைய வெச்சிக்கினு நாள் பூராவா?"

"சத்தம் கீது பாரு, நம்பர் ஒன்னு! தெருக்கோடி வரைக்கும் கேக்குது."

"ரொம்ப சந்தோசம். குறை ஒன்னும் இல்லியா?"

அவன் குத்திக் காட்டியது அவளுக்கு உறைக்கவில்லை. பொறுப்பாக யோசித்துப் பதில் சொன்னாள்.

"குறை இல்லாமயா? வெயில்ல படமே தெரில. அது போவட்டும், படத்த யாரு பாக்கறாங்க? மத்தியானம் ஆனா பேட்டரி புட்டுக்குது, பவர் பேங்க சொருவ வேண்டிக்கீது. அப்பால, மொத வாரம் சத்தம் கேட்டாலே அலறிக்கினு ஓடுச்சிங்க. இப்போ இன்னாடான்னா ஒன்னு ரெண்டு கிட்ட வந்து குந்திக்கினு மொறைக்குதுங்க."

எதிரிகள் கிட்டே வந்து முறைக்கிற கட்டம் எது என்று பிரதாப்புக்குத் தெரியும். அது கடைசி லெவல். தம்பி அவ்வளவு தூரம் போய்விட்டான். இயற்பியலில் ஒரு பாடமாவது இப்படித் தாண்டியிருக்கலாம்.

"பக்கத்து வூட்டு சாமுண்டீஸ்வரி கூட, ஒரு நாளைக்கு குடுக்கான்னு ரெண்டு தபா வந்து கெஞ்சுது. நானா குடுப்பேன்?"

சாமுண்டீஸ்வரிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மூட்டுவலி. ஏரியில் இறங்கி இறால் பிடிப்பதையே விட்டுவிட்டவள், இப்போது துப்பாக்கி பிடிக்கக் கிளம்பிவிட்டாள். ஒரே ஒரு பார்சலில் குப்பம் மொத்தமும் பட்டாளமாகிவிட்டது.

பிரதாப், தம்பியின் எதிர்காலத்துக்குத் தானே குழி தோண்டி, அதைப் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டி அனுப்பியிருக்கிறான்.

"மா, சொல்றத கேளு. அத்த இப்பவே எடுத்துக்கினு போய் ஏரில போட்டுடு."

"ஏரிலயா?" செவ்வந்தியின் குரல் எகிறியது. "நல்லா சொன்ன போ! அது வந்த அப்பாலதான் வூட்ல நிம்மதியே கீது. அதுக்கு என்னியத் தூக்கிப் போடச் சொல்லு!"

அம்மாவும் எதிரணிக்குப் போய்விட்டாள். இனி பேசிப் பயனில்லை.

"ஹரிஷ கூப்புடு. அவங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவன் இங்க எங்க கீறான்? விடிஞ்சதும் மொத பஸ் புடிச்சி பொன்னேரிக்குப் போயிடறான். டியூசன் சார் வூட்லயே குந்தி படிக்கிறான். போனக்கூட இங்கயே வெச்சிட்டுப் போயிடறான், இருட்டுனாத்தான் வர்றான்."

பிரதாப் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தான். போனில் இன்னமும் டுமீல் டுமீல் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

"அவன் வூட்லயே இல்லியா? அப்போ அங்க யாரும்மா சுடறது?"

"யாரு சுடணும்? ஆன் பண்ணி கருவாட்டாண்ட வெச்சா, அதுவே காக்கா ஓட்டுது!"