இடப்பக்கத்து எழுத்து

விமானம் பழுதாகிவிட்டது. பழைய சிநேகிதன் கிளைவ் மெல்பேர்னுக்குப் புறப்படுவது இன்றிரவு. திருத்த நேரமில்லை.

தில்லைநாதன் மேசை விளக்கை இழுத்து வைத்து மறுபடி பார்த்தார். கிளைவுக்குக் கொடுக்க அவரே ஒட்டிப் பெயின்ற் அடித்த, ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் ஹரிக்கேன் போர் விமானப் பொம்மை. இடப்பக்கத்தில், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிய ஆங்கில ‘கே’ எழுத்தின் மேல் யாரோ வெள்ளைப் பெயின்ற்றைப் பிதுக்கி விட்டிருந்தார்கள். விமானப்படையின் வட்டச் சின்னத்தைச் சுற்றியும் அதே கூத்து. இரண்டும் வீங்கிப்போய் நின்றன. நகத்தால் சுரண்டினார். அடிப் பெயின்ற்றும் சேர்ந்து வரப் பார்த்தது. விட்டுவிட்டார்.

“பத்மா! ரூமுக்குள்ள ஆர் வந்தது?”

“முன்வீட்டு பஸ்லா,” குசினியிலிருந்து மனைவியின் குரல். “நேற்றுப் பின்னேரம் வட்டிலப்பம் கொண்டு வந்தவள். ப்ளேனைப் பார்க்கோணும் எண்டாள். போய்ப் பார் எண்டன்.”

“என்னைக் கேக்காமல் ஏன் விட்டனீர்?”

“நீங்கள் குளிச்சுக்கொண்டு நிண்டீங்கள். பிறகு வந்து வட்டிலப்பம் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்கள். அப்ப ஒண்டும் கேக்கேல்லையே!”

காரணம் தெரிந்ததுதான். போன கிழமை லிப்ட் வாசலில் பஸ்லா சண்டைக்கு வந்தாள்.

“ஒங்கட பெயின்ற் தின்னர் மணத்துல தல வெடிக்குது அங்கிள். நாள் முழுக்கக் கொட்டாஞ்சேனைல கண் கிளினிக்ல வேலைக்கு நிண்டுட்டு வாறன். ஊட்டுலயும் நிம்மதி இல்ல.”

“மூக்கைப் பொத்திக்கொண்டு படு,” என்றார் இவர்.

பழி தீர்த்துவிட்டாள். வட்டிலப்பத்தைக் கொடுத்துத் தீர்த்திருக்கிறாள்.

விமானத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை. வீட்டில்தான் இருந்தாள்.

“உது உன்ர வேலையோ?”

“ஓ அங்கிள்.” ஒளிக்கவில்லை. “துணில கோடு போடுற பெயின்ற். கூம்புல போட்டு…”

பெருநாளைக்கு அந்த மாடி முழுக்க மருதாணி போடுகிற கை அவளுடையது.

“இதென்ன, கலியாணப் பொம்பிளையின்ர கையோ?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“ஏன் செய்தனீ?”

“சொல்ல ஏலா அங்கிள். கோவிக்காதீங்க. அப்புடியே கொண்டு போய்க் குடுங்க.”

“வெக்கமில்லை உனக்கு! மாடிக் கமிட்டியில சொல்லி நாற அடிக்கிறன், பார்!”

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

த்ரீவீல் ஓட்டோவில் விமானப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். பத்மாவதி வாசலில் நின்று சொன்னது காதில் கிடந்தது: “போர் ப்ளேன் வீட்டுக்குள்ள வேண்டாம் எண்டு அண்டைக்கே சொன்னனான்.”

“இது குண்டு போட வந்ததில்லை. போட வந்தவனைத் துரத்தினது,” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொழும்பில் நின்ற விமான வகை. ‘கே’ எழுத்துப் போட்ட ஒன்றுக்கு மெக்கானிக்காக இருந்தவர் கிளைவின் தகப்பன்.

கிளைவ், வேலை செய்த காலத்தில் துறைமுகக் கந்தோரில் பக்கத்து மேசைக்காரன். மாதக்கணக்காக நேரில் சந்திப்பில்லை; ஒவ்வொரு நாளும் போன்தான்.

“அடிவயிறு என்ன கலர் மச்சான்? பச்சை எப்படி? மாவிலைப் பச்சையா, கொஞ்சம் கறுப்பா?”

அப்படித் துருவுகிற மனுஷன் கண்ணில் இந்த வீக்கம் பட்டால்?

கொட்டாஞ்சேனையில் கிளைவ் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஹோலில் சூட்கேஸ்கள். நடுவில் கதிரையில் கிளைவ்.

“தில்லையா? வா மச்சான். எங்க ப்ளேன்?”

தில்லைநாதன் நல்ல பக்கம், வலப்பக்கம், தெரியும்படி நீட்டினார்.

கிளைவும் கையை நீட்டினார். கை விமானத்தைத் தாண்டி வேறெங்கோ போனது. காற்றில் தடவியது.

தில்லைநாதன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். விமானத்தைக் கைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

விரல்கள் மூக்கைத் தொட்டன. காற்றாடி, இறக்கை, சக்கரம். வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. கிளைவ் விமானத்தைத் திருப்பினார்.

இடப்பக்கத்தில் விரல் நின்றது. வட்டத்தைச் சுற்றி வந்தது. அடுத்து நேர்கோடு ஒன்று. அதிலிருந்து மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு.

“கே,” என்றார் கிளைவ். “டடியின்ட கே.” முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

“எப்ப தொடக்கம்டா இப்பிடி?”

“கன நாளாச்சு. இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“சொன்னா நீ பெயின்ற் அடிப்பியா? நீ போன்ல கலர் சொல்லச் சொல்ல, நான் பார்த்துக்கொண்டு இருந்தேன் மச்சான்.”

தில்லைநாதன் சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிளைவ் திடீரென்று நிமிர்ந்தார். “ஆனா என்ட கண்ணைப் பற்றி உனக்கு யார் சொன்னது? கிளினிக்ல உன்ட முன்வீட்டுப் பிள்ளையிட்ட நான் சத்தியம் வாங்கினேனே. சொல்லிட்டாளா?”

“இல்லை. வாசலில நிண்டு என்னட்டப் பேச்சு வாங்கினவள். வாய் திறக்கேல்லை.”

“அப்ப என்ட விரலுக்குத் தெரியிற மாதிரி இந்த எழுத்தைத் தூக்கி விட்டது நீ இல்லையா?”

தில்லைநாதன் கிளைவின் விரலை மறுபடி அந்த எழுத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

“நான் மடையன், அதைச் சுரண்டப் பார்த்தனான். போட்டது பஸ்லா.”